எந்தப் பொருள்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"ஒருவரை மனமொப்பி உழைக்க வைப்பது சம்பளமா, செய்யும் வேலைக்கு ஒரு பொருள் உண்டு என்ற எண்ணமா?" இதுதான் இன்றைய கேள்வி. தமிழ் பொல்லாத மொழி. காசுக்கும் பொருள் என்றுதான் பெயர், அர்த்தத்துக்கும் பொருள் என்றுதான் பெயர். எதிரணித் தலைவர் காசை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "என் வேலையில் அர்த்தம் இருக்கிறது, அரைக்கிலோ துவரம்பருப்பு கொடுங்கள் என்று கேட்டால் மளிகைக்கடை அண்ணாச்சி கொடுப்பாரா?" என்றார். கைதட்டல் பறந்தது. நானும் தட்டினேன். கொடுக்க மாட்டார்தான். ஆனால் தலைவரே, சம்பளம் ஒரு ஆளை ஆபீஸ் வாசல்வரை கொண்டுவந்து விடும். பத்து மணிக்கு உள்ளே போனவர் ஐந்தே முக்கால்வரை என்ன செய்கிறார் என்பதல்லவா வழக்கு?

என் கதையையே சொல்கிறேன். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு மாதாந்திர அறிக்கை தயாரிக்கும் வேலை. ஒன்பது காலம் (அதாவது நெடுக்குக் கட்டம்), நான்கு நகல், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து கூட்டலைச் சரிபார்ப்பேன். ஒரு மாதம் அவசரத்தில், தேதியை மட்டும் மாற்றிப் போன மாதத்துக் கணக்கையே அனுப்பிவிட்டேன். தெரிந்ததும் மூன்று நாள் தூக்கமில்லை. மெமோ வந்தால் கொடுக்க விளக்கக் கடிதம்கூட எழுதி டிராயரில் வைத்திருந்தேன். மெமோ வரவில்லை. அடுத்த மாதம் வேண்டுமென்றே கடைசிக் காலத்தில், குறிப்பு என்று போட்டிருக்குமே அந்த இடத்தில், "இதைப் படிப்பவருக்கு என் அன்பான வணக்கம்" என்று எழுதினேன். இன்றுவரை பதில் வணக்கம் வரவில்லை, நடுவர் அவர்களே!

அந்த மாதமும் சம்பளம் முழுசாகத்தான் வந்தது. பத்து காசு பிடித்தம் இல்லை. ஆனால் பதினோரு மணிக்கு ஒரு டீ, பன்னிரண்டு மணிக்கு இன்னொரு டீ என்று ஆனேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே தலை வலிக்க ஆரம்பிக்கும். வருஷத்துக்கு உள்ள தற்செயல் விடுப்பு ஏப்ரலிலேயே தீர்ந்துபோகும். "ஆபீஸுக்குத்தானே போறீங்க, எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?" என்று வீட்டில் கேட்பார்கள். என்னவென்று சொல்வது?

"அது உன் சோம்பேறித்தனம்" என்று எதிரணித் தம்பி முணுமுணுக்கிறார். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன் தம்பி. பிறகுதான் 2008-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்ணில் பட்டது. லெகோ என்கிற பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திப் பொம்மை செய்கிற வேலை. முதல் பொம்மைக்கு 2 டாலர், அடுத்தடுத்ததற்கு 11 சென்ட் குறைந்துகொண்டே வரும். போதும் என்று தோன்றும்போது நிறுத்திக்கொள்ளலாம். ஒரு குழுவினர் செய்த பொம்மைகளை அவர்கள் முன்னாலேயே மேசையில் வரிசையாக வைத்தார்கள். இன்னொரு குழுவினர் அடுத்த பொம்மையைச் செய்துகொண்டிருக்கும்போதே முந்தைய பொம்மையை அவர்கள் கண் முன்னால் பிரித்துப் போட்டார்கள். கூலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். முதல் குழு சராசரியாக 10.6 பொம்மை செய்தது, இரண்டாவது குழு 7.2-லேயே எழுந்துவிட்டது. அந்த 7.2-ல் நான் என்னைப் பார்த்தேன்.

சரி, பொம்மையை விடுங்கள். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு. பழைய மாணவர்களுக்குப் போன் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்கிற வேலை. எத்தனை பேர் எரிந்து விழுந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நமக்குக் கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணிடம் நாமே எப்படிப் பேசுகிறோம்! அந்தப் போன்காரர்களில் சிலரை, அப்படித் திரட்டிய பணத்தில் படித்த ஒரு மாணவரோடு சில நிமிடம் பேச வைத்தார்கள். சம்பள உயர்வு இல்லை, போனஸ் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் வாரத்துக்குப் போனில் பேசிய நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய பணம் 171 சதவீதம் கூடியிருந்தது. போனின் மறுமுனையில் கத்துகிற ஆளுக்கும் அப்பால் இன்னொரு முனை இருக்கிறது, அங்கே ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எதிரணி அக்கா ஒரு நல்ல அடி கொடுத்தார், மறுக்க மாட்டேன். அமெரிக்காவில் மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009-ல் வந்த ஆய்வைச் சொன்னார். பெரும்பாலோர் பட்டதாரிகள், சம்பளமோ குறைவு. "இதற்காகவே பிறந்தேன்" என்று நினைப்பவர்கள் பணத்தையும் நேரத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், நிர்வாகம் அதைச் சுரண்டவும் வழி இருக்கிறது. உண்மை. நம் ஊரில் தனியார் பள்ளி டீச்சரும் நர்ஸும் சம்பளம் கேட்டால் "இது சேவையாச்சேம்மா" என்று வாயை அடைப்பதைப் பார்க்கிறோம். அதற்குப் பெயர் அயோக்கியத்தனம். அவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லிப் போராடினால் கொடி பிடிக்க நானும் வருகிறேன். ஆனால் அக்கா, காலிப் பெட்டியை எந்தத் திருடனும் உடைப்பதில்லை. இந்த ஆளைச் சம்பளத்தைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று இங்கே பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துதானே முதலாளி அதில் கை வைக்கிறார்? எங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

மணியில் கை வைக்காதீர்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். எட்டு வருஷம் கழித்து என்னை ஓய்வூதியப் பிரிவுக்கு மாற்றினார்கள். அதே சம்பளம், அதே கிரீச்சிடும் மின்விசிறி. முதல் மாதமே என் மேசைக்கு நேராக ஒரு அம்மா வந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவர், கையில் மஞ்சள் பை. "ஒண்ணாந்தேதி வர்ற பணம் நாலாந்தேதி வந்திருக்கு. மூணு நாள் பால்காரனுக்கு ஒளிஞ்சு திரிஞ்சேன். நீதான் புதுசா வந்தவனா?" என்று செக்ஷனே திரும்பிப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டார். தப்பு என்னுடையதுதான், பட்டியலைத் தாமதமாக அனுப்பியிருந்தேன். ஒன்பது காலத்தில் மொத்தக் கணக்கையும் மாற்றி அனுப்பியபோது கேட்க ஆளில்லை. இங்கே மூன்று நாள் தாமதத்துக்குப் பஸ் ஏறி வந்து திட்டுகிறார்கள்.

அன்றைக்குப் பதினோரு மணி டீக்கு நான் எழுந்து போகவில்லை.