நாகேஷை எப்படிப் படம் பிடிப்பது?

அவையோருக்கு வணக்கம்.

மூத்த நடிகர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் என்றால் நம் ஊரில் அதற்கென்று ஒரு வாய்ப்பாடு உண்டு. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று மெல்லப் பெரிதாகிக்கொண்டே வரும். பின்னால் புல்லாங்குழல். கனத்த குரல் ஒன்று ‘கலைத்தாயின் தவப்புதல்வர்’ என்று ஆரம்பிக்கும். அப்புறம் வரிசையாகப் பேட்டிகள். சோபாவில் சாய்ந்தபடி ஆளுக்கு ஆள் ‘அவர் மாதிரி இனிமே ஒருத்தர் வரமுடியாது’ என்பார்கள். நடுநடுவே படக்காட்சிகள், தலா நாலைந்து விநாடி. கடைசியில் விருதுப் பட்டியலும் மறைந்த தேதியும். இரங்கல் கூட்டத்தில் கேமரா வைத்து எடுத்தாலும் இதேதான் கிடைக்கும். அதற்கு எதற்கு ஆவணப்படம்?

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நடிகரைப் பற்றிப் படம் எடுப்பவர் அவர் பார்த்த வேலையைக் காட்ட வேண்டும். குடும்பம், வறுமை, புகழ், விருது எல்லாம் இருக்கட்டும். ஆனால் அவர் கேமரா முன்னால் நின்றபோது என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்பது படத்தில் இல்லையென்றால் அந்தப் படம் யாரைப் பற்றி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

நாகேஷை வைத்தே பேசுகிறேன். வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1933-இல் பிறந்தவர், தாராபுரத்துக்காரர், கன்னடம் பேசும் குடும்பம். இளமையிலேயே அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. சென்னையில் ரயில்வே குமாஸ்தா வேலை, அங்கே ஊழியர்கள் போட்ட நாடகங்கள். வயிற்றுவலிக்காரனாக அவர் மேடையில் துடித்ததைப் பார்த்து எம்.ஜி.ஆர். பரிசு கொடுத்த கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். 1959-இல் ‘தாமரைக்குளம்’. அதன் பிறகு ஐந்தே வருஷத்தில் ‘சர்வர் சுந்தர’த்தின் நாயகன். 2009 ஜனவரி 31-இல் மறைந்தார். இதற்குப் படத்தில் மூன்று நிமிஷம் போதும். மீதியை வேலைக்குக் கொடுங்கள்.

வேலை என்று எதைச் சொல்கிறேன்? 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’. இயக்கம் ஸ்ரீதர். நாகேஷ் நடித்த செல்லப்பா, தான் எடுக்கப்போகும் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்லும் காட்சி. அப்பா டி.எஸ். பாலையா. இந்த அரங்கில் அதைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஆனால் பார்த்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தக் காட்சியில் நாகேஷ் எங்கே காமெடி பண்ணுகிறார்? நினைவுபடுத்திப் பாருங்கள். அவர் பண்ணவே இல்லை. அவர் பேய்க்கதை சொல்கிறார். இருட்டுக்கும் காலடிக்கும் கதவுக்கும் தேவையான சத்தத்தைத் தன் வாயாலேயே கொடுத்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்தி, திடீரென்று உயர்த்தி, அப்பாவைப் பயமுறுத்துவதிலேயே குறியாக இருக்கிறார். பயப்படும் வேலை பாலையாவுடையது. அவர் கண்ணும் கன்னமும் பயந்து நடுங்க நடுங்க, சிரிப்பு நமக்கு வருகிறது. ஒருவர் பயமுறுத்துகிறார், ஒருவர் பயப்படுகிறார், சிரிக்க வைக்கும் எண்ணம் இரண்டு பேரிடமும் இல்லை. அதனால்தான் அறுபது வருஷம் கழித்தும் அது பழசாகவில்லை.

இந்தக் காட்சியிலிருந்து நாகேஷ் முகத்தை மட்டும் ஐந்து விநாடி வெட்டி எடுத்துப் போட்டால் என்ன மிஞ்சும்? ஒல்லியாக ஒரு மனிதர் கையை ஆட்டிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். காட்சியை முழுசாக ஓடவிட வேண்டும். பாலையாவையும் சேர்த்து. நாகேஷைப் பற்றிய படத்தில் பாலையாவுக்கு இவ்வளவு இடமா என்று தயாரிப்பாளர் கேட்பார். ஆமாம் என்று சொல்லுங்கள்.

சத்யஜித் ராய் 1976-இல் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி ‘பாலா’ என்ற ஆவணப்படம் எடுத்தார். தமிழ்நாடு அரசும் அதற்குப் பணம் போட்டது. அதில் அவர் ஆடும் இடங்களில் ராய் குறுக்கே பேசவில்லை, நீளமாக ஆடவிட்டார். அம்மையார் அப்போது ஐம்பது தாண்டியவர். இளமையில் அவர் ஆடியதைப் படம் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. நாகேஷ் விஷயத்தில் நமக்கு அந்தக் குறை கிடையாது. அவர் உச்சத்தில் இருந்தபோது செய்த வேலையே ஃபிலிமில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாம் சோபாவில் உட்கார்ந்தவர்களைக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘திருவிளையாடல்’ தருமிக்கு வருகிறேன். 1965. சிவாஜி அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு அடிகூட வெட்டக்கூடாது என்று சொன்னதாக ஒரு கதை. எந்தப் பேட்டியைத் திறந்தாலும் இது வரும். நடந்தே இருக்கட்டும். அந்தக் கதை சிவாஜியின் பெரிய மனசைத்தானே சொல்கிறது? தருமியை நாகேஷ் எப்படிக் கட்டினார் என்று சொல்கிறதா? அதற்குக் காட்சியைத்தான் பார்க்க வேண்டும். கோயிலில் தனியாகப் புலம்பும்போது அவர் நிற்கிற இடம் நிலைகொள்ளாது. ஆசையில் உடம்பு முன்னால் போகும், அவமானத்தில் பின்னால் வரும். புலவராக சிவபெருமான் வந்து நின்ற பிறகு சிவாஜி ஆடாமல் அசையாமல் நிமிர்ந்து நிற்கிறார். இவர் அவரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தூண் நிற்பதால்தான் கொடி சுற்றுவது தெரிகிறது. பரிசுக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு ஏழைப் புலவனிடம் மானமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்பதை அந்த வளைந்த முதுகு சொல்லும். இதை எந்தப் பேட்டியும் சொல்லாது.

அதே உடம்பு அசையவே கூடாது என்றால்? 1994-இல் ‘மகளிர் மட்டும்’. நாகேஷுக்குப் பிண வேடம். ஊர்வசி, ரேவதி, ரோகிணி மூவரும் அந்தப் பிணத்தை வைத்துக்கொண்டு படாத பாடு படுகிறார்கள். முப்பது வருஷம் துள்ளித் துள்ளிப் பேர் வாங்கிய ஒருவருக்கு அசைவும் இல்லை, வசனமும் இல்லை, கண்ணும் இல்லை. தலை சாய்கிற கோணமும் கை தொங்குகிற விதமும்தான் கையிருப்பு. தியேட்டர் அதிர்ந்தது. அதே வருஷம் ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்குத்தான் வந்தது. பத்ம விருது கடைசி வரை வரவில்லை. அந்தப் புலம்பலுக்கும் படத்தில் பத்து நிமிஷம் ஒதுக்க வேண்டாம் என்பது என் கட்சி. வராததைப் பற்றி அழுதுகொண்டிருந்தால் இருப்பதைக் காட்ட நேரம் இருக்காது.

இன்னொன்று. அவரைப் பற்றிய எல்லா ஆவணப்படங்களும் 1968-லிருந்து நேராக 1989-க்குத் தாவும். ‘எதிர்நீச்ச’லில் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்த மாது என்ற நாகேஷ் பாத்திரத்தைக் காட்டிவிட்டு, அடுத்த ஷாட்டில் ‘அபூர்வ சகோதரர்கள்’ வில்லன். நடுவில் இருபது வருஷம். எழுபதுகளில் அவருக்கு வாய்ப்பு குறைந்தது, தேங்காய் சீனிவாசனும் சுருளிராஜனும் வந்துவிட்டார்கள். அந்த நாட்களில் வந்த சுமாரான படங்களையும் உட்கார்ந்து பாருங்கள். எழுத்து கைகொடுக்காத காட்சியில் ஒரு நடிகர் என்ன செய்து தப்பிக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

‘சர்வர் சுந்தரம்’ தனக்குள்ளேயே ஓர் ஆவணப்படத்தை வைத்திருக்கிறது. அதில் ஒரு பாட்டு ஒலிப்பதிவாவதையே காட்டுகிறார்கள். எம்.எஸ். விஸ்வநாதன் திரையில் வருகிறார், டி.எம். சௌந்தரராஜன் பாடுகிறார், வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். கதைப்படம்தான். ஆனால் அந்தக் காலத்து வேலை எப்படி நடந்தது என்று காட்ட இதைவிட நல்ல துண்டு சுலபத்தில் கிடைக்காது.

உரிமை யாரிடம் வாங்குவது என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படம் வெளியான ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை உண்டு. ஆக 1964-இல் வந்த படங்களுக்கு 2024 டிசம்பரோடு கணக்கு முடிந்தது. ‘திருவிளையாட’லுக்கு 2025 டிசம்பர். ‘எதிர்நீச்சல்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ இரண்டுக்கும் 2028 வரை பொறுக்க வேண்டும். உடனே துள்ளாதீர்கள். பாட்டு வரி, மெட்டு, வசனம் இவற்றுக்குக் கணக்கு வேறு. எழுதியவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். கண்ணதாசன் 1981-இல் போனவர், அவர் வரிகள் 2041 வரை. விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. எது நியாயமான அளவு என்பதை வக்கீலிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள். உரிமை முடிந்தாலும் நல்ல பிரதி கைக்குக் கிடைக்க வேண்டுமே, அது தனிப் பாடு. முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதா’ஸுக்கே இன்று பிரதி இல்லை.

பேட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரிடம், எதைக் கேட்கிறோம் என்பதுதான். பாலையா 1972-இல் போய்விட்டார். ஸ்ரீதர் 2008, பாலசந்தர் 2014, மனோரமா 2015. கேட்டிருக்க வேண்டியவர்களில் பாதிப் பேர் இல்லை. மிச்சம் இருக்கும் லைட்மேன், உதவி இயக்குநர், மேக்கப்மேன், எடிட்டிங் உதவியாளர் இவர்களைத் தேடிப் போங்கள். ‘நாகேஷ் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷன்’ என்பார்கள், பேட்டி அதோடு முடிந்தது. ‘ஒத்திகையில் செய்ததையே டேக்கிலும் செய்வாரா, மாற்றுவாரா? எதிரே நிற்பவர் தடுமாறினால் என்ன செய்வார்? ஷாட் முடிந்து எங்கே உட்காருவார்?’ என்று கேளுங்கள். காட்சியை லேப்டாப்பில் போட்டுக் காட்டிவிட்டுக் கேளுங்கள். ஞாபகம் தானாக வரும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகம், ஐம்பதுகளின் நாடக நோட்டீஸ், படப்பிடிப்பு ஸ்டில் ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். குறிப்பாக ரயில்வே ஊழியர் நாடக நோட்டீஸ் யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். இப்போது உங்கள் கேள்விகள்.