சவன்னாவில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு நாம் ஜார்ஜியா மாநிலத்தின் சவன்னாவில் இருக்கிறோம். அட்லாண்டாவிலிருந்து வருபவர்கள் ஐ-75இல் மேக்கன் வரை வந்து, அப்புறம் ஐ-16 பிடித்தால் நேராக இங்கே கொண்டுவந்து விட்டுவிடும். ஏறக்குறைய 250 மைல், நாலு மணி நேரம். ஐ-16இல் இரண்டு பக்கமும் பைன் மரத்தைத் தவிர பார்க்க எதுவும் இல்லை, தூக்கம் சொக்கும். மேக்கனிலேயே ஒரு காபி குடித்துக்கொள்ளுங்கள்.

விசிட்டர் சென்டரில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் ட்ராலி டிக்கெட் கண்ணில் படும். நாலு பேர் உள்ள குடும்பம் என்றால் நூறு டாலரைத் தாண்டிவிடும். என்னைக் கேட்டால், வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ஆற்றங்கரையிலிருந்து ஃபோர்சைத் பூங்கா வரை புல் ஸ்ட்ரீட்டில் நடந்தால் மொத்தமே ஒரு மைல்தான், வழியெல்லாம் மர நிழல். கால் வலித்தால் 'டாட்' ஷட்டில் பேருந்து இருக்கிறது, அதற்குக் கட்டணமே கிடையாது.

இப்போது நான் நிற்பது சிப்பெவா சதுக்கம். 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தில் டாம் ஹேங்க்ஸ் பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்வாரே, அந்தக் காட்சியை எடுத்தது இங்கேதான். ஆனால் பெஞ்சைத் தேடாதீர்கள், அது படத்துக்காகக் கொண்டுவந்து போட்டது, இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைவிட, நடுவில் நிற்கும் இந்தச் சிலையைப் பாருங்கள். ஜேம்ஸ் ஓகல்தார்ப், 1733இல் இந்த ஊரை நிறுவியவர். வாஷிங்டனில் லிங்கன் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய சிலையைச் செய்த டேனியல் செஸ்டர் ஃபிரெஞ்ச்தான் இதையும் செய்தார். முகம் தெற்கே திரும்பியிருக்கிறது. அன்றைக்குத் தெற்கே ஃபுளோரிடாவில் இருந்த எதிரி ஸ்பெயின்.

ஓகல்தார்ப் போட்ட திட்டம்தான் இந்த ஊரின் பெரிய சொத்து. நடுவில் ஒரு திறந்த சதுக்கம். அதன் கிழக்கிலும் மேற்கிலும் தேவாலயம், பொதுக் கட்டடங்களுக்கான மனைகள். வடக்கிலும் தெற்கிலும் வீடுகள். ஊர் வளர வளர இதே அமைப்பைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போனார்கள். 24 சதுக்கங்கள் உருவாயின, இன்றைக்கு 22 இருக்கின்றன. புல் ஸ்ட்ரீட்டில் மட்டும் வரிசையாக ஐந்து: ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டரே. ரெண்டு மூணு நிமிடம் நடந்தால் அடுத்தது வந்துவிடும். ஒவ்வொன்றிலும் பெஞ்சு, லைவ் ஓக் மரம், அதிலிருந்து தாடி மாதிரித் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ். பெயர்தான் ஸ்பானிஷ், பெயர்தான் மாஸ். உண்மையில் பாசியும் இல்லை, ஸ்பெயினிலிருந்து வந்ததும் இல்லை, அன்னாசிக் குடும்பத்துச் செடி. இதற்கெல்லாம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

சதுக்கங்களுக்குள் ஒரு சண்டையும் இருக்கிறது. ரைட் சதுக்கத்துக்குப் போங்கள். ஓகல்தார்ப்புக்கு இடம் கொடுத்து உதவிய யமக்ரா பூர்வகுடி மக்களின் தலைவர் டோமோசீசியை 1739இல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1883இல் அதே இடத்தில் ரயில்வே முதலாளி வில்லியம் கார்டனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டார்கள். பிறகு உறுத்தியிருக்கும் போல, 1899இல் ஓரமாக ஒரு பெரிய கருங்கல்லைக் கொண்டுவந்து டோமோசீசி பெயரில் வைத்தார்கள். நடுவில் இருக்கும் அலங்காரத் தூணைப் படம் எடுக்கிற கூட்டத்தில் பாதிப்பேர் அந்தக் கல் பக்கம் திரும்புவதே இல்லை.

எல்லிஸ் சதுக்கத்தின் கதை வேறு. அங்கே இருந்த பழைய சந்தையை 1954இல் இடித்துவிட்டுப் பல மாடிக் கார் நிறுத்தம் கட்டினார்கள். அந்தக் கோபத்தில், அடுத்து டேவன்போர்ட் வீடு என்ற பழைய வீடும் போய்விடக் கூடாது என்று ஏழு பெண்கள் சேர்ந்து 1955இல் ஒரு அறக்கட்டளை தொடங்கினார்கள். இன்றைக்கு இவ்வளவு பழைய வீடுகள் மிஞ்சியிருக்கின்றன என்றால் அவர்கள் போட்ட பிடிவாதம் முக்கியமான காரணம். கார் நிறுத்தம் தரைக்கு அடியில் போய், 2010இல் சதுக்கம் மறுபடியும் திறந்தது. குழந்தைகளோடு வருபவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து பீய்ச்சும் நீரூற்றும் பொதுக் கழிப்பறையும் இங்கே இருக்கின்றன. கழிப்பறைக்காக மட்டும் காபிக் கடையில் ஐந்து டாலர் அழ வேண்டியதில்லை.

மேடிசன் சதுக்கத்தில் கிரீன்-மெல்ட்ரிம் வீடு. உள்நாட்டுப் போரின்போது, 1864 டிசம்பரில், வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் இந்த ஊரைப் பிடித்தார். சவன்னாவைக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருகிறேன் என்று லிங்கனுக்குத் தந்தி அடித்தாரே, அவர்தான். வழிகாட்டிகள் எல்லாரும் அந்தத் தந்தியைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அடுத்த மாதம் நடந்தது. 1865 ஜனவரியில் இதே வீட்டில் இருபது கறுப்பினத் திருச்சபைத் தலைவர்கள் ஷெர்மனைச் சந்தித்தார்கள். விடுதலையான மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், நாங்களே உழுது பிழைத்துக்கொள்கிறோம் என்றார்கள். சில நாளில் குடும்பத்துக்கு நாற்பது ஏக்கர் வரை என்று உத்தரவு வந்தது. லிங்கன் சுடப்பட்ட பிறகு பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன், அந்த ஆண்டே நிலத்தைப் பழைய முதலாளிகளுக்குத் திருப்பிவிட்டார். வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை.

சரி, எதற்குத்தான் காசு கொடுக்கலாம்? பார்ப்பதற்கு ஒன்று, சாப்பிடுவதற்கு ஒன்று.

பார்ப்பதற்கு ஓவன்ஸ்-தாமஸ் வீடு. டெல்ஃபேர் அருங்காட்சியகத்தின் மூன்று இடங்களில் இது ஒன்று, ஒரே டிக்கெட்டில் மூன்றையும் பார்க்கலாம். 1819இல் முடிந்த மாளிகை. அந்தக் காலத்திலேயே வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர், மாடியில் கூடத்துக்குக் குறுக்கே ஒரு குட்டிப் பாலம். ஆனால் சுற்றுலா மாளிகையில் தொடங்குவதில்லை, பின்கட்டில் அடிமைகள் வாழ்ந்த குடியிருப்பில் தொடங்குகிறது. மேலே கூரையில் வெளிர்நீலப் பூச்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கெட்ட ஆவி அண்டாது என்று அவர்கள் அடித்த நிறம். அதைப் பார்த்துவிட்டுப் பளிங்கும் பொன் பூச்சும் உள்ள அறைகளுக்குள் போகும்போது, தண்ணீரைத் தொட்டிக்கு நிரப்பியது யார் என்பது மனதில் இருக்கும். பேய்க்கதை சொல்லும் இரவுச் சுற்றுலாக்கள் இந்த ஊரில் ஏராளம். அதற்குப் போகிற காசை இதற்குக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஜோன்ஸ் ஸ்ட்ரீட்டில் மிசஸ் வில்க்ஸ் டைனிங் ரூம். வார நாளில் மதியம் மட்டும்தான், ரொக்கம் மட்டும்தான், வரிசை பதினொரு மணிக்கு முன்பே தொடங்கிவிடும். விலை மலிவில்லை, சொல்லிவிடுகிறேன். ஆனால் காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்தால் இது இரண்டு வேளைக் கணக்கு. முன்பின் தெரியாத பத்துப் பேரை ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். மெனு கிடையாது. பொரித்த கோழி, சவன்னா சிவப்புச் சாதம், காராமணி, வெண்டைக்காய், சர்க்கரைவள்ளி, கீரை, பன் மாதிரியான பிஸ்கட், சோள ரொட்டி எல்லாம் கிண்ணம் கிண்ணமாக வந்து இறங்கும், கைக்குக் கை மாறும். முடிந்ததும் உங்கள் தட்டை நீங்களே சமையலறைக்கு எடுத்துப் போக வேண்டும்.

மேசையைப் பார்த்ததும் நமக்கு அந்நியமாகவே தெரியாது, ஏனென்றால் வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பக்கம் நம் ஊருக்கும், இன்னொரு பக்கம் அடிமைக் கப்பல்களின் காலத்தில் இங்கேயும் வந்து சேர்ந்தவை. இந்தக் கடலோரச் சதுப்பில் நெல் விளைந்ததும் மேற்கு ஆப்பிரிக்க மக்களின் உழைப்பில்தான். தக்காளியில் வேகும் அந்தச் சிவப்புச் சாதத்தின் சொந்தக்காரர்களும் அவர்களே.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கீரைதானே என்று கொலார்டு கீரையை அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். தெற்கில் அதைப் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம். பீன்ஸ், காராமணி, சிவப்புச் சாதம் எதுவானாலும் அதே கேள்வியைக் கேளுங்கள், 'இறைச்சி போட்டீர்களா' என்று நேராகவே கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

மற்ற வேளைகளுக்கு உட்கார்ந்து சாப்பிடும் இடங்களைத் தவிர்த்தால் பாதி மிச்சம். மெனுவில் இருக்கும் விலையோடு வரியும் டிப்ஸும் சேர்ந்தால் கால்வாசிக்கு மேல் கூடிவிடுகிறது. ஒரு சாண்ட்விச்சைப் பொட்டலமாக வாங்கி ஃபோர்சைத் பூங்காவுக்குப் போய்விடுங்கள். 1858இல் வைத்த வெள்ளை நீரூற்று, அதற்கு எதிரே புல்வெளி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். இனிப்புக்கு ரிவர் ஸ்ட்ரீட்டின் மிட்டாய்க் கடைகள். பீக்கன் கொட்டை போட்ட பிராலின் சுடச்சுடச் செய்து, வாசலிலேயே ஒரு துண்டு சும்மா தருவார்கள். ஐஸ்கிரீமுக்கு பிராட்டன் ஸ்ட்ரீட்டில் லியோபோல்ட்ஸ், கிரீஸிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் 1919இல் தொடங்கியது. ராத்திரியில் வரிசை தெருமுனை வரை நிற்கும், மதியமே போய்விடுங்கள்.

ரிவர் ஸ்ட்ரீட்டுக்கு இறங்கும் கல் படிகள் ரொம்பச் செங்குத்து, வழுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். தரையில் பாவியிருக்கும் கற்கள், பருத்தி ஏற்ற வந்த கப்பல்கள் எடைக்காகக் கொண்டுவந்து கொட்டியவை. பக்கத்தில் படகுத்துறை. இலவசப் படகில் எதிர்த் தீவுக்குப் போய்த் திரும்புங்கள். நடுவில் ஒரு கன்டெய்னர் கப்பல் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம், இவ்வளவு குறுகலான ஆற்றில் அவ்வளவு பெரிய கப்பல் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே நகர்ந்து போகும். இதற்கு ஈடாகக் காசு வாங்கும் படகுச் சவாரி எதையும் நான் சொல்ல மாட்டேன்.

தங்குவதற்கு ஊருக்குள் தேடாதீர்கள். விமான நிலையத்தை ஒட்டிய பூலரில் அறை கணிசமாகக் குறைவு, அரை மணி நேரத்துக்குள் ஊருக்குள் வந்துவிடலாம். மார்ச் நடுவில் செயின்ட் பேட்ரிக் திருவிழா வாரத்தில் மட்டும் வராதீர்கள். நீரூற்றுத் தண்ணீருக்கே பச்சைச் சாயம் கலக்கும் ஊர் இது, அந்த வாரம் அறை வாடகை நான் சொன்ன எந்தக் கணக்குக்கும் அடங்காது. ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் புழுக்கமும் சென்னைக்காரர்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும். நவம்பரில் வாருங்கள்.

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கிலோ சாலையோரத்திலோ 'பாயில்டு பீனட்ஸ்' என்று பலகை தெரிந்தால் நிறுத்துங்கள். உப்புப் போட்டுத் தோலோடு வேகவைத்த கடலை, ஐ-16 முழுக்கக் கொறிக்க ஒரு பொட்டலம் போதும். ரொக்கம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.