ஒரே மூச்சில் இத்தனை ஆயத்துகளா (குர்ஆன் வசனங்களா)? காரி அப்துல் பாசித்தின் ஓதல்

ஒரு சின்னச் சோதனை. காரி (குர்ஆனை முறைப்படி ஓதுபவர்) அப்துல் பாசித் அப்துஸ் ஸமத் அவர்கள் ஓதத் தொடங்கும்போது நீங்களும் மூச்சை இழுத்துப் பிடியுங்கள். அவர் நிறுத்துவதற்கு முன்பே உங்களுக்குத் திணறிவிடும்!

பின்னணியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 1927இல் எகிப்தின் தென்பகுதியில், அர்மன்த் ஊரையொட்டிய கிராமத்தில் பிறந்தார். பத்து வயதிலேயே ஹாஃபிழ், அதாவது குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். அப்புறம் உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) அமர்ந்து கிராஅத் வகைகளை, அதாவது குர்ஆனை ஓதும் முறைகளைக் கற்றார். சிறுவனாக, காரி முஹம்மது ரிஃபஅத்தின் குரலைக் கேட்க வானொலி இருக்கும் இடம் தேடி நடந்தே போவாராம். 1950இல் கெய்ரோவின் சையிதா ஜைனப் பள்ளிவாசலில் ஓதினார். அடுத்த ஆண்டே அதே எகிப்திய வானொலியில் அவர் குரல்!

சரி, மூச்சுக்கு வருவோம். நினைத்த இடத்தில் மூச்சு வாங்க தஜ்வீத் (குர்ஆனைச் சரியாக ஓதுவதற்கான விதிகள்) விடாது. சொல்லின் நடுவில் வாங்கக் கூடாது. வழியில் மூச்சு தீர்ந்தால், நிறுத்திவிட்டு, பொருள் பொருந்தும் சொல்லுக்குப் பின்னோக்கிப் போய் மீண்டும் தொடங்க வேண்டும். இதற்குள் மத்து எழுத்துகளை (நீட்டி ஓத வேண்டியவற்றை) ஆறு அளவு வரை நீட்டவும் வேண்டும். நீட்ட நீட்டக் காற்று கரையும். ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் அதன் மக்ரஜிலிருந்து (ஒலி பிறக்கும் இடத்திலிருந்து) சுத்தமாக வர வேண்டும்.

இப்போது அவர் ஓதிய தக்வீர் சூராவை (குர்ஆன் அத்தியாயத்தை) கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சூரியன் சுருட்டப்படும்போது, நட்சத்திரங்கள் உதிரும்போது, மலைகள் நகர்த்தப்படும்போது... இப்படி 12 ‘போது’ வருகிறது. அப்போது என்னதான் நடக்கும்? பதில் 14ஆம் ஆயத்தில்தான்: ஒவ்வோர் ஆன்மாவும் தான் கொண்டுவந்ததை அறிந்துகொள்ளும். பல ஆயத்துகளை அவர் ஒரே மூச்சில் கோர்க்கும்போது, அந்தப் பதிலுக்காக நம் நெஞ்சும் சேர்ந்து இறுகுகிறது. அவர் நிறுத்தியதும் கூட்டம் “அல்லாஹ்!” என்று அதிர்கிறது. நுரையீரல் பலம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வசனத்தின் அமைப்பை உணர்ந்தவருக்குத்தான் இது வரும்.

எகிப்தில் காரிகளுக்கென்று சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் அவர்தான். 1988 நவம்பர் 30இல் வஃபாத்தானார் (காலமானார்).

கேட்டு முடித்ததும் காரி மஹ்மூத் கலீல் அல்ஹுசரியின் தக்வீரையும் போடுங்கள். 1961இல் முழு குர்ஆனையும் முரத்தல் (சீராக, நிதானமாக ஓதும்) முறையில் முதன்முதலாகப் பதிவு செய்து தந்தவர் அவர். நிதானமான ஓதல்; ஓதக் கற்பவர்கள் எழுத்து எழுத்தாகப் பின்பற்றலாம். இருவரில் யாருடைய ஓதல் உங்களை அதிகம் உலுக்கியது? கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிக்கிறேன்.