ஓசை அடங்கிய குளிர்விப்பான்

நேயர்களுக்கு வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் என் வீட்டைச் சுற்றி விசைத்தறிகள் ஓடுவதால், கணினிக்குள் சுழலும் சிறு விசிறியின் இரைச்சல் பகலில் என் காதுக்கு எட்டியதே இல்லை. அதே கணினியைச் சென்ற கோடையில் ஏற்காட்டிலுள்ள தங்கை வீட்டுக்குக் கொண்டுபோய், ஊர் அடங்கிய பின் ஓர் ஒலிப்பதிவைத் திருத்த உட்கார்ந்தபோதுதான், செயலியுடன் (கணினியின் மூளையான பிராசசர்) அதன் சூட்டைத் தணிக்க வந்த விசிறிக் கூலர் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. அதற்கு மாற்றாகத் தனியே விற்கப்படும் பெரிய கூலரை வாங்கிப் பொருத்தினேன்.

ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அது தள்ளும் காற்றும் பாதியாகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கிவிடும். ஆகவே, 120 மில்லிமீட்டர் விசிறியும் அகன்ற அலுமினியத் தகடுகளும் உடைய கூலர் நிதானமாகச் சுழன்றே வேலையை முடித்துவிடுகிறது. அதன் செம்புக் குழாய்களுக்குள் குறைந்த அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும் துளி நீர், செயலியின் சூட்டில் ஆவியாகித் தகடுகள் இருக்கும் பக்கம் சென்று, அங்கே குளிர்ந்து மீண்டும் நீராகித் திரும்புகிறது. இவ்வகைக் கூலர்கள் பல 155 மில்லிமீட்டருக்கும் மேல் உயரமானவை என்பதால், வாங்குமுன் கணினிப் பெட்டியான கேபினெட்டின் அகலத்தைப் பார்த்துவிட வேண்டும்.

பொருத்துவதில் அவசரம் கூடாது. ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டி செயலிகளைச் செருகும் ஒருவகை இருக்கை) உள்ள மதர்போர்டில் பழைய கூலரை நேராக மேலே இழுத்தால், செயலிக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவியிருந்து இறுகிப்போன பேஸ்ட்டோடு செயலியும் பிடுங்கிக்கொண்டு வந்து, அதன் கால்கள் வளைந்துவிடக்கூடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்த பிறகு, கூலரை இப்படியும் அப்படியும் மெல்லத் திருகி எடுப்பதே நல்லது. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்தால் போதும். கூலரின் அடியில் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாளை மறவாமல் உரித்துவிட்டு, திருகுகளை எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொன்றையும் சில சுற்றுகள் மட்டுமே இறுக்கிக்கொண்டு வர வேண்டும்.

இனி மதிப்பீடு. பலரும் செயலியின் வெப்பநிலையை மட்டும் பார்த்துக் கூலரை எடைபோடுகிறார்கள், அது சரியன்று. சேலத்தில் அறை 36 டிகிரியும் செயலி 78 டிகிரியும், ஏற்காட்டில் அறை 22 டிகிரியும் செயலி 66 டிகிரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலையில் கூலர் நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். ஆனால் அறைக்கும் செயலிக்கும் உள்ள வித்தியாசம் சேலத்தில் 42, ஏற்காட்டில் 44. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவு குறைவு என்பதால், அதே விசிறி அங்கே சற்றுக் குறைவான வெப்பத்தையே அள்ளிச் செல்கிறது. வெப்பத்துக்கேற்ப விசிறி தானே வேகத்தை மாற்றிக்கொண்டால் இந்த ஒப்பீடு பொருளற்றுப் போகும். எனவே வேகத்தை ஒரே அளவில் நிறுத்தி, ஒரே வேலையை அரைமணி நேரம் கொடுத்து, வெப்பநிலை நிலைத்த பிறகே குறித்துக்கொள்ள வேண்டும். ஒலியை இரவில், வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்தே கேட்டுப் பாருங்கள்.

அப்படிக் குறித்த வெப்பநிலை வித்தியாசத்தை நான் கேபினெட்டின் உட்புறத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். தறிகளிலிருந்து பறக்கும் பஞ்சு எங்கள் தெருவில் தகடுகளுக்கிடையே வெகு விரைவில் படிந்துவிடுகிறது. அதே வேகத்தில், அதே வேலையில், வித்தியாசம் 5 டிகிரி கூடியிருந்தால், அன்றே இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதிவிடுகிறேன்.