மண்டை ஓட்டில் இருந்து சோப்பு விளம்பரம் வரை

[திரையில்: ஷார்தேனின் ‘சோப்புக் குமிழிகள்’]

ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டு ஒரு பையன் வைக்கோல் குழலால் குமிழி ஊதுகிறான். கோட்டு தோள்பட்டையில் கிழிந்திருக்கிறது, அதெல்லாம் அவனுக்குக் கவலையே இல்லை, மூச்சை அடக்கிக்கொண்டு குமிழியையே பார்க்கிறான். பக்கத்தில் ஒரு பொடியன் எட்டிப் பார்க்கிறான். 1730களில் பாரிசில் பிரெஞ்சு ஓவியர் ஷார்தேன் வரைந்தது, இதில் மூன்று பிரதிகள் இன்றைக்கு அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

அழகான விளையாட்டுப் படம், அவ்வளவுதானே? அன்றைய ரசிகர்களுக்கு அப்படி இல்லை.

[திரையில்: டச்சுக் கலைஞர் ஹோல்ட்சியஸின் செதுக்குப் படம், 1594]

ஏனென்றால் அதற்கு முன்பே இப்படி ஒரு படம் இருந்தது. இங்கேயும் குழந்தை குமிழிதான் விடுகிறது, ஆனால் சாய்ந்திருப்பது ஒரு மண்டை ஓட்டின் மேல்! கீழே லத்தீனில் ஒரு கேள்வி: யார்தான் தப்புவார்? வாழ்க்கை நீர்க்குமிழி என்று நம் ஊரில் சொல்வதைத்தான் அங்கேயும் சொன்னார்கள். ஷார்தேன் அந்த மண்டை ஓட்டை எடுத்துவிட்டார். சாவை நினைவுபடுத்தும் பொருள் ஒன்றுகூட இல்லை, உடையப் போகிற குமிழியும் அதில் மூழ்கிப்போன முகமும் மட்டும்தான். எனக்கு இதுதான் இன்னும் கனமாகப் படுகிறது, ஏனென்றால் இங்கே யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை.

[திரையில்: மில்லேயின் ‘குமிழிகள்’, 1886]

அப்புறம் விக்டோரியா காலத்து இங்கிலாந்து. ஓவியர் மில்லே தன் பேரனையே உட்காரவைத்து வரைந்தார்: பொன்னிறச் சுருள்முடி, வெல்வெட் உடை, மேலே மிதக்கும் குமிழியை அண்ணாந்து பார்க்கும் கண்கள். ஓரத்தில் உடைந்த பூந்தொட்டி கிடக்கிறது, பழைய சாவுக் குறிப்பு முழுசாகப் போகவில்லை. ஆனால் அதை யார் கவனித்தார்கள்? ஒரு பத்திரிகை அதிபர் படத்தை உரிமையோடு சேர்த்து வாங்கினார், அவரிடமிருந்து பியர்ஸ் சோப்பு கம்பெனியின் தாமஸ் பாரட் வாங்கி, படத்துக்குள் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்து விளம்பரமாக அச்சடித்துத் தள்ளிவிட்டார். கலையை விற்றுவிட்டதாக மில்லேக்குத் திட்டு விழுந்தது, உரிமையோ அவர் கையில் இல்லை.

குழந்தையின் கள்ளமின்மைக்கு இவ்வளவு விலை இருக்கிறதா என்று மற்றவர்களும் முழித்துக்கொண்டார்கள். மூன்றே வருஷத்தில், சன்லைட் சோப்பு தயாரித்த லீவர், ஓவியர் ஃப்ரித் வரைந்த ஒரு சிறுமியின் படத்தை, புது வெள்ளைச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவளின் படத்தை, வாங்கி விளம்பரத்தில் போட்டார். ஃப்ரித்தும் கோபப்பட்டார், பயனில்லை.

அந்தச் சுருள்முடிப் பேரன் பிற்பாடு பிரிட்டிஷ் கடற்படையில் அட்மிரல் ஆனார். அப்போதும் அவருக்குப் பட்டப்பெயர் ‘குமிழி’தான்.