ரிப்போர்ட்டில் ஒரு எழுத்து

வணக்கம். மார்பகப் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர் நான். சென்னையில் இருபது வருஷமாக இருட்டறையில் உட்கார்ந்து இதே வேலைதான். இன்றைக்கு ஒரே ஒரு எழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

போன ஆடியில் வில்லிவாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வயது 46, சத்துணவு அமைப்பாளர். மஞ்சள் பையில் வேறொரு இடத்தில் எடுத்த மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. "டாக்டரம்மா, ரெண்டாவது ஸ்டேஜாமே" என்றார், கண் கலங்கி. வாங்கிப் பார்த்தேன். 'பைராட்ஸ் 2' என்று இருந்தது. அது ஸ்டேஜே இல்லை, படத்தில் கண்டதை நாங்கள் வகைப்படுத்தும் எண். பயப்படும்படி எதுவும் தென்படவில்லை என்பதற்குத்தான் அந்த 2. சொன்னதும் பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். நான்தான் உட்காரச் சொன்னேன். அதே தாளில் நாலு வரி மேலே, பொடி எழுத்தில் 'டைப் டி' என்று இருந்தது. அதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மார்பகத்தில் கொழுப்பும் இருக்கும். பால் சுரப்பியும் நாரும் இருக்கும். மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாக விழும், சுரப்பியும் நாரும் வெள்ளையாக விழும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான், வினையே அங்குதான். கேழ்வரகு மாவில் ஒரு கல் உப்பு கிடந்தால் உடனே கண்ணில் படும். தேங்காய்த் துருவலில் கிடந்தால்? ஏ, பி, சி, டி என்று நாலு வகையாக இந்த வெள்ளையை அளக்கிறோம். சி, டி இரண்டும் அடர்த்தியான மார்பகம். தொட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, படம்தான் சொல்லும். நோயும் இல்லை, நாற்பதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இப்படித்தான். ஆனால் கட்டி மறைவதோடு, புற்று வரும் வாய்ப்பையும் அடர்த்தி கொஞ்சம் கூட்டுகிறது. இளவயதில் அடர்த்தி அதிகம். நம் நாட்டுப் பெண்களுக்கோ மேலைநாட்டாரைவிடச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே இந்த நோய் வருகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஜப்பானில் நாற்பதுகளில் இருந்த எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மேமோகிராம் மட்டும் எடுத்த குழுவில் இருந்த புற்றுகளில் 77 சதவீதம் பிடிபட்டது. அல்ட்ராசவுண்டும் சேர்த்தபோது 91 சதவீதம். 2016-ல் முடிவுகள் வெளிவந்தன. மிக அடர்த்தியானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. இன்னும் நன்றாகக் காட்டும், நெதர்லாந்தில் நிரூபித்திருக்கிறார்கள். ஆனால் செலவை நினைத்தால் நம்மூரில் எல்லோருக்கும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது. மார்பகம் பார்த்துப் பழகிய கையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக மேமோகிராமை விட்டுவிட்டு ஸ்கேன் மட்டும் எடுக்காதீர்கள். ஆரம்பப் புற்றின் அடையாளமான சில சுண்ணாம்புத் துகள்கள் மேமோகிராமில்தான் தெளிவாகத் தெரியும். மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ, எந்த ரிப்போர்ட் நார்மல் என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து, மார்பகம் அடர்த்தியா இல்லையா என்பதைப் பெண்ணுக்கே புரியும் மொழியில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே ரிப்போர்ட்டின் அடியில் தமிழில் இரண்டு வரி அடிக்க என்ன செலவாகிவிடும்? நாங்கள் செய்ய வேண்டியது அது. அதுவரை நீங்களே கேளுங்கள்: "எனக்கு என்ன எழுத்து?"

வில்லிவாக்கத்து அம்மாவுக்கு ஸ்கேன் செய்தேன். இரண்டு நீர்க்கட்டி, அப்புறம் சந்தேகமாக ஒன்று. ஊசி வைத்துச் சதை எடுத்து அனுப்பினோம். ஒன்றுமில்லை என்று வந்தது. வீணாக ஒரு வாரத் தூக்கம் போயிற்று அவருக்கு. ஸ்கேன் சேர்த்தால் இப்படிப்பட்ட வீண் பயமும் கூடும், மறைக்க விரும்பவில்லை. அடுத்த முறை வரும்போது பழைய படத்தை மறக்காமல் கொண்டு வரச் சொன்னேன், ஒப்பிட்டுப் பார்க்க. பவுடர் போடாமல் வரவும் சொன்னேன். அக்குளில் ஒட்டியிருக்கும் பவுடர் படத்தில் சுண்ணாம்புத் துகள் மாதிரியே விழும்.