அட்டவணை ஏன் சுவரோடு சுவராகிவிடுகிறது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஆட்டிசம், பிறரோடு பழகும் விதத்திலும் புலன் உணர்விலும் தெரியும் மூளை வளர்ச்சி வேறுபாடு. ஏடிஎச்டி, கவனத்தை ஒன்றில் நிறுத்துவதையும் துடிப்பை அடக்குவதையும் கடினமாக்கும் வேறுபாடு. இரண்டும் சேர்ந்து உள்ளவர்களுக்கு அன்றாட வேலைகளின் அட்டவணை ஏன் நிலைப்பதில்லை, அதற்கு என்ன செய்யலாம் என்று பேசுகிறேன்.

ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டது அண்மையில்தான். மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏடிஎச்டியையும் சேர்த்து எழுத 2013 வரை இடம் தரவில்லை. இன்று நாற்பது வயதில் இருக்கும் பலருக்குச் சிறுவயதில் பாதி விடைகூடக் கிடைக்கவில்லை. சோம்பேறி என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. அது அநியாயம்.

ஆட்டிசம், நேற்றுப்போலவே இன்றும் இருக்க வேண்டும் என்று கேட்கும். ஏடிஎச்டிக்கோ நேற்றையதே இன்றும் வந்தால் சலித்துவிடும். அட்டவணை இல்லாவிட்டால் பதற்றம். போட்டு ஒட்டினால் சில நாளில் அந்தத் தாளே கண்ணில் படாது.

பல் தேய்ப்பதைப் பாருங்கள். நமக்கு அது ஒரு வேலை. இரண்டும் உள்ளவருக்கு, கையிலிருக்கும் போனை வைப்பது, எழுவது, குளியலறையின் பளீர் வெளிச்சம், பிரஷ்ஷைத் தேடுவது, புதினா எரிச்சல், நுரை எனப் பல படிகள். எந்தப் படியில் நிற்கிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். நுரைதான் தடை என்றால் பத்து அலாரம் வைத்தும் பயனில்லை. நுரை வராத, சுவையில்லாத பேஸ்ட் வேண்டும். மறதிதான் தடை என்றால் பிரஷ்ஷை மூடிய அலமாரியிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள், உள்ளே இருப்பதை மாற்றலாம். குளியல், சாப்பாடு, மாத்திரை என்ற வரிசை அப்படியே இருக்கட்டும். குளிக்கும்போது கேட்கும் பாட்டும், மூன்று வகைக்குள் காலைச் சாப்பாடும் மாறட்டும். பசி எடுப்பதே இவர்களில் பலருக்குத் தெரியாது. அதனால் சாப்பாடு வரிசையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடிகாரத்தோடு கட்டாதீர்கள். 7.30 என்று எழுதினால், 7.50 ஆனதும் நாளே கெட்டுப்போனதாகத் தோன்றும். "காபி டம்ளரைக் கழுவியதும் குளியல்" என்று எழுதுங்கள். மருத்துவர் நேரம் குறித்துக் கொடுத்த மாத்திரைக்கு மட்டும் அலாரம் போதும்.

அதே தாளின் பின்பக்கம், முடியாத நாளுக்கான வரிசை இருக்கட்டும்: முகம் கழுவிச் சட்டை மாற்றுவது, வாழைப்பழம், பால், மாத்திரை. இதை நன்றாக இருக்கும் நாளிலேயே எழுதிவிட வேண்டும். களைத்த நாளில் முதலில் கைவிட்டுப் போவது முடிவெடுக்கும் திறன்தான்.

வீட்டாருக்கு ஒன்று. "சீக்கிரம், சீக்கிரம்" என்று பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். ஒன்றில் மூழ்கியிருப்பவரைப் பிடுங்கி எடுத்தால் அடுத்த ஒரு மணி நேரமும் போய்விடும். பத்து நிமிடம் முன்பே சொல்லி, மீதி நேரம் கண்ணுக்குத் தெரியும்படி மணல் கடிகாரம் வையுங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைச் செய்யுங்கள். பேசவே வேண்டாம், ஆள் இருந்தாலே பலருக்குக் கை நகரும்.

காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் கட், எதனாலும் வரிசை அறுபடும். "திங்கட்கிழமையிலிருந்து ஒழுங்காக" என்று தள்ளிப்போட வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு நினைவு வந்தால், அந்த வேளைக்கு உரியதிலிருந்து தொடங்கலாம். விட்டுப்போன காலைக் குளியலுக்கு மாலையில் கடன் தீர்க்க வேண்டியதில்லை. தாள் கண்ணில் படாமல் போய்விட்டதா? அதே வரிசையை வேறு நிறத் தாளில் எழுதி, வேறு கதவில் ஒட்டுங்கள்.